நூற்றுக்கு நூறும் போதாத மாணவர்!
பின்னக் கணக்கில் உலகை வென்ற ராமானுஜம்

பள்ளிக்கூடம் போகும் குழந்தையைக் கூப்பிட்டு, 8 பெரிதா, 4 பெரிதா என்று கேளுங்கள். 8 என்று உடனே சொல்லிவிடும்.

எட்டில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா என்று கேளுங்கள். பல குழந்தைகள் எட்டில் ஒன்றுதான் பெரிது என்று சொல்லும். 8 பெரிய எண் அல்லவா!

ஒரு வெல்லக் கட்டியை 4 பேர் பங்கு போட்டுக்கொண்டால், ஒருவருக்கு அதிகம் கிடைக்கும். 8 பேர் பங்கு போட்டுக்கொண்டால் குறைவாகத்தான் கிடைக்கும். இது புரிந்துவிட்டால், பின்னக் கணக்கைப் பற்றிய பயத்தில் பாதி போய்விடும்.

பயமே இல்லாமல் பின்னங்களோடு விளையாடி, உலகப் புகழ் பெற்ற ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்தார். அவர்தான் கணித மேதை ராமானுஜம்.

அவர் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர். காலேஜ் பரீட்சையில் தோற்றவர். சென்னையில் வேலை தேடி அலைந்தவர். 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். கடைசி நாட்களில் சென்னையிலே நோய்ப் படுக்கையில் கிடந்தபடியே கணக்குப் போட்டவர். அவருடைய வாழ்க்கைக் கதை இது.

திண்ணைப் பள்ளிக்கூடம்

1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி, ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில் ராமானுஜம் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில்.

தகப்பனார் பெயர் சீனிவாச அய்யங்கார். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. மாதச் சம்பளம் 20 ரூபாய் அளவுதான். தாயார் பெயர் கோமளத்தம்மாள். கோயிலில் பஜனைப் பாட்டுப் பாடி, கிடைக்கும் சிறு தொகையைக் குடும்பத்துக்குச் செலவிட்டார்.

குழந்தைக்கு 2 வயதில் வைசூரி கண்டது. அந்த ஆண்டு தஞ்சை ஜில்லாவில் பலரை வைசூரி கொண்டு போயிற்று. ராமானுஜம் தப்பிப் பிழைத்தான். முகத்தில் தழும்பு மட்டும் நின்றது.

1892-ல் விஜயதசமி அன்று பையனைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் பின்னக் கணக்குக்குத் தனி இடம் உண்டு. கால், அரை, முக்கால் மட்டும் அல்ல. அரைக்கால் உண்டு. அது எட்டில் ஒரு பங்கு. மாகாணி உண்டு. அது 16-ல் ஒரு பங்கு. மா என்பது 20-ல் ஒரு பங்கு. காணி என்பது 80-ல் ஒரு பங்கு. முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு!

மா பெரிதா, மாகாணி பெரிதா? இரண்டையும் காணியாக மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு மா என்பது 4 காணி. ஒரு மாகாணி என்பது 5 காணி. ஆகவே மாகாணிதான் பெரிது. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. பெயரிலேயே கணக்கு இருக்கிறது!

இரண்டு பின்னங்களை ஒப்பிட வேண்டுமானால், முதலில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இன்று பள்ளிக்கூடத்தில் கீழ் எண்ணைச் சமமாக்கு என்று சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்.

போலீஸ்காரர் வந்தார்!

தாத்தாவுக்குக் காஞ்சீபுரத்தில் இருந்த வேலை போனது. தாத்தாவின் குடும்பம் பிறகு சென்னைக்கு வந்தது. ராமானுஜத்தைச் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பையனுக்கு அந்தப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. போக மாட்டேன் என்று அடம் பிடித்தான்.

வீட்டார் என்ன செய்தார்கள் தெரியுமா? அக்கம்பக்கத்தில் இருந்த போலீஸ்காரரைக் கூப்பிட்டு, பையனை மிரட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். அப்படியும் பலன் இல்லை. மறுபடியும் கும்பகோணத்துக்கே அனுப்பிவிட்டார்கள்.

கும்பகோணத்தில் ஆரம்பப் பள்ளியில் படித்தான். 1897-ல் ஆரம்பப் பள்ளிப் பரீட்சை நடந்தது. ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறினான். அடுத்த ஆண்டு டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தான்.

ஒருநாள் வாத்தியார் வகுத்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்தார். 3 பழங்களை 3 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு பழம். ஆயிரம் பழங்களை ஆயிரம் பேருக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கு ஒரு பழம். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் 1-தான் வரும் என்று சொன்னார்.

ராமானுஜம் எழுந்தான். பழமே இல்லை, வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை, அப்போதும் ஆளுக்கு ஒரு பழம் கிடைக்குமா என்று கேட்டான்!

மேலே பூஜ்யம், கீழே பூஜ்யம். அது எத்தனை? பெரிய பெரிய கணித அறிஞர்களும் தலையைச் சொறிந்த கேள்வி இது. கும்பகோணத்துப் பையன் வகுப்பில் சர்வசாதாரணமாகக் கேட்டுவிட்டான்.

எதில் எத்தனை?

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிட்டு மேலே போவோம். பிறகு ராமானுஜத்தின் பெரிய கணக்கு எளிதாக விளங்கும்.

அண்ணனுக்குக் கணக்கில் 20-க்கு 15 மார்க். தங்கைக்கு 25-க்கு 18 மார்க். யார் அதிகம்?

தங்கையின் மார்க் 18. அண்ணனின் மார்க் 15. எண்ணை மட்டும் பார்த்தால் தங்கைதான் கெட்டி. ஆனால் எத்தனை என்று மட்டும் பார்க்கக் கூடாது. எதில் எத்தனை என்று பார்க்க வேண்டும்.

ஒரு சுலபமான வழி உண்டு. குறுக்கே பெருக்கிப் பாருங்கள். அண்ணனின் 15-ஐத் தங்கையின் 25-ஆல் பெருக்கினால் 375. தங்கையின் 18-ஐ அண்ணனின் 20-ஆல் பெருக்கினால் 360. 375 பெரிது. ஆகவே அண்ணனுக்குத்தான் அதிகம்.

இப்படிக் குறுக்கே பெருக்குவதும், இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் வேலைதான். இரண்டு பேரும் 500 மார்க்குக்குப் பரீட்சை எழுதி இருந்தால், அண்ணனுக்கு 375, தங்கைக்கு 360 என்று அர்த்தம்.

இந்தக் குறுக்குப் பெருக்கலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

பரீட்சையில் தோல்வி

1904-ல் ராமானுஜம் ஹைஸ்கூல் படிப்பை முடித்தார். கணக்குக்கான பரிசைக் கொடுத்த தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி அய்யர், இந்த மாணவனுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தாலும் போதாது, அதற்கும் மேலே கொடுக்க வேண்டும் என்று சபையில் சொன்னார்.

மேல் எண் கீழ் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், அதைத் தகாபின்னம் என்று பாடப் புத்தகத்தில் சொல்வார்கள். ராமானுஜத்துக்கு உரிய மார்க், தகாபின்னம்!

ஆனால் அதற்குள் ஒரு புத்தகம் அவர் வாழ்க்கையில் புகுந்துவிட்டது. கார் என்ற இங்கிலீஷ்காரர் எழுதிய கணிதப் புத்தகம் அது. ஆயிரக்கணக்கான கணித உண்மைகள் வரிசையாக எழுதப்பட்டு இருந்தன. எப்படி வந்தது என்ற விளக்கம் குறைவு. ஒவ்வொன்றையும் ராமானுஜம் தாமே நிரூபித்துப் பார்த்தார். ஊண், உறக்கம் மறந்தார்.

கும்பகோணம் அரசாங்கக் காலேஜில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் தொடவில்லை. இங்கிலீஷில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார்.

1906-ல் சென்னை பச்சையப்பன் காலேஜில் சேர்ந்தார். அங்கே உடற்கூறு பாடம் அவருக்கு எமனாக வந்தது. எப்.ஏ. பரீட்சையில் தோற்றார். அடுத்த ஆண்டும் எழுதினார். மறுபடியும் தோற்றார்.

கணக்கில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. ஆனால் எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் பட்டம். பட்டம் இருந்தால்தான் வேலை. அது அந்தக் காலத்துச் சட்டம்.

நோட்டுப் புத்தகமும் சிலேட்டும்

1909-ல் ராமானுஜத்துக்குக் கல்யாணம் நடந்தது. மணமகள் பெயர் ஜானகி. சின்னஞ்சிறு பெண். கல்யாணம் ஆகிவிட்டது. கையில் காசு இல்லை. வேலை தேடிப் புறப்பட்டார்.

திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்தவர் ராமசாமி அய்யர். இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தவர் அவர்தான். அவரிடம் போய், தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கொடுங்கள் என்று ராமானுஜம் கேட்டார். தம்முடைய நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். அதைப் புரட்டிப் பார்த்த ராமசாமி அய்யர் திகைத்துவிட்டார். இப்படிப்பட்ட அறிவாளியைத் தாலுகா ஆபீசில் பூட்டி வைப்பது பாவம் என்று நினைத்தார். சிபார்சுக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கணித அறிவு உள்ளவர். அழுக்கு உடை, சவரம் செய்யாத முகம், கக்கத்தில் கிழிந்த நோட்டுப் புத்தகம். இந்தக் கோலத்தில் ராமானுஜம் அவர் முன்னே போய் நின்றார். கண்கள் மட்டும் பளபளத்தன. என்ன வேண்டும் என்று ராவ் கேட்டார். கவலை இல்லாமல் கணக்குப் போட வேண்டும், அதற்குச் சாப்பாடு கிடைத்தால் போதும் என்றார் ராமானுஜம். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார்.

பிறருடைய தயவில் நெடுநாள் இருக்க ராமானுஜத்துக்கு மனம் இல்லை. 1912 மார்ச் 1-ந் தேதி, சென்னை துறைமுக டிரஸ்ட் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

காகிதம் விலை அதிகம். ஆகையால் சிலேட்டில் கணக்குப் போட்டார். துணி தேடி எடுத்துத் துடைக்க நேரம் ஏது? முழங்கையாலேயே அழித்தார். கடைசி விடையை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்.

ஆபீஸ் மானேஜர் நாராயண அய்யர் கணிதத்தில் வல்லவர். இரவில் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். துறைமுகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரையும் இந்தக் குமாஸ்தாவிடம் அன்பு காட்டினார்.

22/7-ஐ மிஞ்சிய பின்னம்

1913-ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் ராமானுஜத்தின் சிறு கட்டுரை ஒன்று வந்தது. அதைப் பற்றிப் பள்ளிக் குழந்தைகளும் தெரிந்துகொள்ளலாம்.

வட்டத்தின் குறுக்களவு 7 அடி என்றால் சுற்றளவு ஏறத்தாழ 22 அடி. இதனால்தான் பள்ளிக்கூடத்தில் 22/7 என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். சரியான அளவு இதைவிடச் சற்றுக் குறைவு. அதை எந்தப் பின்னத்தாலும் சரியாக எழுத முடியாது. நெருங்கிப் போகலாம். அவ்வளவுதான்.

355/113 என்று ஒரு பின்னம் உண்டு. சீன தேசத்து அறிஞர் சூ சோங்சி 1,500 ஆண்டுகளுக்கு முன்பே கண்டது. இந்தப் பின்னத்தை வைத்து, வட்டத்தின் பரப்புக்குச் சமமான சதுரத்தை வரைய ராமானுஜம் ஓர் அழகான வழி கண்டுபிடித்தார். அளவுகோலும் கவராயமும் போதும்.

இந்த முறையில் எவ்வளவு பிழை வரும்? வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைலாக இருக்கட்டும். அதாவது தமிழ்நாட்டைப் போல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. அவ்வளவு பெரிய வட்டத்துக்குச் சமமான சதுரம் வரைந்தால், அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய 374 மைல் இருக்கும். அந்த 374 மைலில் பிழை எவ்வளவு? ஓர் அங்குலந்தான்!

இப்போது குறுக்கே பெருக்கிப் பாருங்கள். 22-ஐ 113-ஆல் பெருக்கினால் 2,486. 355-ஐ 7-ஆல் பெருக்கினால் 2,485. 22/7-தான் பெரிது. ஆனால் வித்தியாசம் எவ்வளவு? ஒன்றே ஒன்று! இந்த ஒன்று தற்செயலாக வந்தது அல்ல. அதன் ரகசியத்தைச் சீமையிலே பார்ப்போம்.

சீமைக்குப் போன கடிதம்

1913 ஜனவரி 16-ந் தேதி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற பேராசிரியருக்கு ராமானுஜம் ஒரு கடிதம் எழுதினார். தம்மைத் துறைமுக ஆபீஸ் குமாஸ்தா என்று அறிமுகம் செய்துகொண்டார். பக்கம் பக்கமாகக் கணித வாய்பாடுகளை எழுதி இணைத்தார். இதற்கு முன்பு வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியும் அவர்கள் உதவவில்லை.

ஹார்டி கடிதத்தைப் பார்த்தார். யாரோ விளையாடுகிறார்களோ என்று முதலில் சந்தேகப்பட்டார். அன்று இரவு, நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். சில வாய்பாடுகள் தெரிந்தவை. சில புதியவை. அவற்றில் தொடர் பின்னங்களைப் பற்றிய சில வாய்பாடுகள் ஹார்டியைத் திக்குமுக்காட வைத்தன. அதுபோல் ஒன்றை அவர் அதுவரை கண்டதே இல்லை. இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாததைக் கற்பனை செய்து இப்படி எழுத எவராலும் முடியாது என்ற முடிவுக்கு வந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டது. பட்டம் இல்லாத குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. 30 ரூபாய் எங்கே, 75 ரூபாய் எங்கே! இரண்டரை மடங்கு!

ஹார்டி கேம்பிரிட்ஜுக்கு வரச் சொன்னார். கடல் கடந்து போகக் கூடாது என்பது அந்தக் காலத்து ஆசாரம். தாயார் சம்மதிக்கவில்லை. பிறகு ஒரு கனவு கண்டு தாயார் மனம் மாறினார் என்றும், நாமக்கல் நாமகிரித் தாயாரின் கட்டளை என்று அதை எடுத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள்.

1914 மார்ச் 17-ந் தேதி, குடுமியை எடுத்துவிட்டு, சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு, ராமானுஜம் சென்னையில் கப்பல் ஏறினார்.

அடுப்பங்கரையில் வந்த விடை

கேம்பிரிட்ஜில் ராமானுஜம் மரக்கறி உணவைத் தாமே சமைத்துச் சாப்பிட்டார். ஒருநாள் மகலநோபிஸ் என்ற வங்காள மாணவர் அவர் அறைக்கு வந்தார். இந்தியப் புள்ளியியல் கழகத்தைப் பிற்காலத்தில் நிறுவிய பேரறிஞர் இவரே.

மகலநோபிஸ் கையில் ஒரு பத்திரிகை. 1914 டிசம்பர் மாதம் வந்தது. அதில் ஒரு புதிர். ஒரு நீண்ட தெரு. வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்புறம் உள்ள வீட்டு எண்களைக் கூட்டினாலும், வலப்புறம் உள்ள வீட்டு எண்களைக் கூட்டினாலும் ஒரே தொகை வருகிறது. தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள். அப்படியானால் அந்த வீட்டின் எண் என்ன?

மகலநோபிஸ் சில நிமிஷம் முயன்று விடை கண்டுவிட்டார். ராமானுஜத்திடம் புதிரைப் படித்துச் சொன்னார். அடுப்பில் காய்கறி வதக்கிக்கொண்டு இருந்த ராமானுஜம், எழுதிக்கொள் என்று சொல்லி ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அந்தத் தெரு மட்டும் அல்ல, எத்தனை வீடுகள் உள்ள தெருவாக இருந்தாலும் எல்லா விடைகளும் அந்த ஒரே பின்னத்தில் அடக்கம்!

தொடர் பின்னம் என்றால் என்ன? ஒரு பின்னத்தின் கீழ் எண்ணிலே இன்னொரு பின்னம் தொங்கும். அதன் கீழ் எண்ணிலே மற்றொரு பின்னம். தூண்டாமணி விளக்கின் சங்கிலிபோல, வளையத்துக்குக் கீழே வளையமாகப் போய்க்கொண்டே இருக்கும். எந்த வளையத்தில் வெட்டினாலும் ஒரு சாதாரணப் பின்னம் கிடைக்கும்.

இந்தப் புதிருக்கு உரிய சங்கிலியை வெட்டினால் 3/2, 7/5, 17/12, 41/29, 99/70, 239/169, 577/408 என்று பின்னங்கள் வரிசையாக வரும்.

குழந்தைகளும் இதை உண்டாக்கலாம். கூட்டல் தெரிந்தால் போதும். ஒரு பின்னத்தின் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கூட்டினால், அடுத்த பின்னத்தின் கீழ் எண் கிடைக்கும். அந்தப் புதிய கீழ் எண்ணுடன் பழைய கீழ் எண்ணைக் கூட்டினால், புதிய மேல் எண் கிடைக்கும். 3/2-ஐ எடுத்துக்கொள்வோம். 3-ம் 2-ம் 5. அது புதிய கீழ் எண். 5-ம் 2-ம் 7. அது புதிய மேல் எண். 7/5 வந்துவிட்டது!

577/408-ஐப் பாருங்கள். 408-ல் பாதி 204. 577-ல் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் 288. விடை வந்துவிட்டது. தெருவில் 288 வீடுகள். வீட்டு எண் 204. இடப்புறம் கூட்டினால் 20,706. வலப்புறம் கூட்டினாலும் 20,706!

17/12-ஐ எடுத்தால் சின்னத் தெரு. 12-ல் பாதி 6. 17-ல் ஒன்று போனால் 16, அதில் பாதி 8. எட்டு வீட்டுத் தெருவில் ஆறாவது வீடு. இடப்புறம் 1, 2, 3, 4, 5. கூட்டினால் 15. வலப்புறம் 7, 8. கூட்டினால் 15!

இந்தப் பின்னங்களில் எது பெரிது, எது சிறிது? குறுக்கே பெருக்குங்கள். 3/2-ம் 7/5-ம் 15, 14 என்று வரும். 7/5-ம் 17/12-ம் 84, 85 என்று வரும். 17/12-ம் 41/29-ம் 493, 492 என்று வரும். ஒருமுறை முன்னது பெரிது. மறுமுறை பின்னது பெரிது. வித்தியாசம் எப்போதும் ஒன்றே ஒன்று!

22/7-ம் 355/113-ம் அப்படித்தான் இருந்தன அல்லவா? அவையும் ஒரு சங்கிலியில் அடுத்தடுத்த வளையங்கள். அதுதான் ரகசியம்.

இப்படி ஒன்று கூடி, ஒன்று குறைந்து, இந்தப் பின்னங்கள் எதை நெருங்குகின்றன? ஒரு முழம் சதுரமான துணியை மூலைக்கு மூலை அளந்தால் வரும் நீளத்தைத்தான். அதையும் எந்தப் பின்னத்தாலும் சரியாக எழுத முடியாது.

பரீட்சை மார்க்கை ஒப்பிட உதவும் குறுக்குப் பெருக்கல், ஆரம்பப் பள்ளிக் கணக்கு. பேராசிரியரைத் திகைக்க வைத்த தொடர் பின்னம், மேதையின் கணக்கு. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

பெருமை வந்தது, நோயும் வந்தது

1916-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ராமானுஜத்துக்கு, அவருடைய ஆராய்ச்சிக்காக, பி.ஏ. பட்டம் கொடுத்தது. எப்.ஏ. பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவருக்குச் சீமையில் பட்டம்! 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு டிரினிட்டி காலேஜின் பெல்லோ பதவியும் கிடைத்தது.

ஆனால் உடம்பு கெட்டுவிட்டது. உலகப் போர் நடந்த காலம். மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு. குளிர் வேறு. ராமானுஜம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் படுத்தார். படுக்கையிலும் அவருக்கு எண்கள்தான் துணை. ஹார்டி வந்த டாக்சியின் எண் 1729. அது சாதாரண எண்ணாக இருக்கிறதே என்றார் ஹார்டி. இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக் கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜம் உடனே சொன்னார்.

1919 ஜனவரியில் ராமானுஜம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் கொடுப்பதாகப் பல்கலைக்கழகம் தீர்மானித்து இருந்தது. அது தமது தேவைக்கு மிக அதிகம் என்று எழுதினார். தம் பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்தால் போதும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. தமது அவசியச் செலவு போக மிஞ்சுவதை, ஏழைப் பிள்ளைகளும் அநாதைப் பிள்ளைகளும் கட்டும் பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பதற்கும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்குவதற்கும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

உபகாரச் சம்பளம் போனதால் படிப்பை இழந்தவர் அவர். அந்தக் கஷ்டம் இன்னொரு பிள்ளைக்கு வரக் கூடாது என்று நினைத்தார்.

மயிலாப்பூரில்...

1919 மார்ச் மாதக் கடைசியில் ராமானுஜம் பம்பாயில் வந்து இறங்கினார். ஏப்ரல் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். போகும்போது கட்டுமஸ்தாக இருந்தவர், எலும்பும் தோலுமாகத் திரும்பினார்.

முதலில் சில நாள், எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் ஒரு வக்கீலின் பங்களாவில் தங்கினார். இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று சொல்கிறோமே, அதுதான். பிறகு மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் வெங்கட விலாஸ் என்ற வீட்டுக்குப் போனார். ஜானகியும் வந்து சேர்ந்தார்.

கல்யாணமாகி 10 ஆண்டுகள். அதில் கணவனும் மனைவியும் சேர்ந்து இருந்த காலம் மிகக் கொஞ்சம். இப்போதுதான் சேர்ந்து வாழ்ந்தார்கள். கஞ்சி கொடுப்பது, மருந்து கொடுப்பது, வலிக்கும் இடத்தில் வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுப்பது, எல்லாம் ஜானகிதான்.

கோடைக் காலத்தில் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடிக்கு அழைத்துப் போனார்கள். பிறகு கும்பகோணம். குணம் தெரியவில்லை. 1920 ஜனவரியில் மறுபடியும் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். சேத்துப்பட்டில் வீடு.

அந்த நிலையிலும் அவர் கணக்கை விடவில்லை. 1920 ஜனவரி 12-ந் தேதி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். அதில் முற்றிலும் புதிய கண்டுபிடிப்பு ஒன்றை விவரித்தார். படுத்தபடியே சிலேட்டில் எழுதினார். பிறகு தாளில் எழுதினார். எழுதிய தாள்களை ஜானகி பத்திரமாக எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

1920 ஏப்ரல் 26-ந் தேதி, சேத்துப்பட்டில் ராமானுஜம் காலமானார். வயது 32. காச நோய் என்றே அப்போது வைத்தியர்கள் எண்ணினார்கள். அமீபாக் கிருமியால் வந்த ஈரல் நோயாக இருக்கலாம் என்று, பிற்காலத்தில் ஆராய்ந்த ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பெட்டியில் இருந்த தாள்கள்

அந்தத் தாள்கள் கேம்பிரிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தன. நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். பிறகு அவை எங்கே இருக்கின்றன என்பதே வெளி உலகத்துக்குத் தெரியாமல் போயிற்று. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், டிரினிட்டி காலேஜ் நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் அவற்றைக் கண்டார். உலகமே பரபரப்பு அடைந்தது. ஒரு வரி விளக்கம்கூட இல்லாத அந்த வாய்பாடுகளை நிரூபிக்கப் பல நாட்டு அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். அவற்றில் தொடர் பின்னங்களைப் பற்றிய வாய்பாடுகளும் ஏராளம்.

ஜானகி திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்தார். ஒரு பையனை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். 1994-ல்தான் காலமானார்.

ராமானுஜம் பிறந்த டிசம்பர் 22-ந் தேதியை, 2012-ம் ஆண்டு முதல் தேசிய கணித நாளாக இந்தியா கொண்டாடுகிறது.

வீட்டில் பிள்ளைகள் மார்க் வாங்கிக்கொண்டு வரும்போது பெற்றோர் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். உடற்கூறு பாடத்தின் மார்க்கைப் பார்த்தவர்கள் ராமானுஜத்தைத் தோற்றவர் என்றார்கள். அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் மேதை என்றார்கள். பிள்ளை எத்தனை வாங்கினான் என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. எதில் எத்தனை என்று கேட்க வேண்டும்.

கடைசியாக, குழந்தைகளுக்கு ஒரு கணக்கு. 577/408-க்கு அடுத்த பின்னம் எது? அதற்கும் அடுத்தது எது? அந்தப் பின்னத்தில் ஒளிந்திருக்கும் தெருவில் எத்தனை வீடுகள்? விடை கண்டுபிடித்ததும் குறுக்கே பெருக்கிப் பாருங்கள். வித்தியாசம் ஒன்று வந்தால், உங்கள் கணக்குச் சரி!